இல்லாத காலில் வலி: மெய்நிகர் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது? கேள்விகளும் பதில்களும்

கை அல்லது கால் இழந்தவர்களோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் நான். சில வருடங்களாக ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடக்கிறது. மகனோ மருமகளோ கைப்பேசியை நீட்டுகிறார். திரையில் ஒருவர் கண்ணை மூடும் ஹெட்செட்டை, அதாவது கணினி உலகத்தைக் கண்முன் காட்டும் மெய்நிகர் (வி.ஆர்.) கருவியை, மாட்டிக்கொண்டு இல்லாத கையால் பந்து பிடிக்கிறார். "இந்த மிஷின் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. பெரும்பாலான நாள் அது பெட்டிக்குள் தூங்குகிறது. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் என்னிடம் அதிகம் வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

காலையே எடுத்துவிட்டார்கள். பிறகு எப்படி அந்தக் கால் வலிக்கும்?

கால் போய்விட்டது. காலுக்கென்று மூளையில் இருக்கும் இடம் போகவில்லை. பாதத்திலிருந்து வந்த நரம்புகள் வெட்டுப்பட்ட இடத்தில் நிற்கின்றன. அவற்றின் மறுமுனை தண்டுவடத்தில் அப்படியே இருக்கிறது. அந்த வழியாக எந்தச் சலசலப்பு வந்தாலும் மூளை அதைப் பாதத்திலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது.

உறுப்பு இழந்தவர்களில் நூற்றுக்கு 50 முதல் 80 பேர் வரை இந்த வலியைச் சொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவர் ஆம்ப்ரோஸ் பாரே இதைப் பதிவு செய்திருக்கிறார். 'மாய உறுப்பு' என்ற பெயரை 1871இல் வைத்தவர் சைலஸ் வியர் மிட்செல் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர். உள்நாட்டுப் போரில் கைகால் இழந்து பிலடெல்பியாவில் படுத்திருந்த சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர்.

அப்பா "கட்டைவிரல் நசுங்குகிறது" என்கிறார். மனப்பிரமையா?

இல்லை. மூளையில் பதிவாகிற உண்மையான வலி. ஒரு குடும்பம் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது: "எடுத்த காலை மடக்கிப் புதைத்துவிட்டார்களோ? தோண்டி நேராக வைத்தால் சரியாகுமா?" நான் சிரிக்கவில்லை. வலிக்கும் காலை நிமிர்த்த வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அந்த எண்ணம் தப்பில்லை. நிமிர்த்த வேண்டிய இடம்தான் மண்ணுக்குள் இல்லை.

சொல்லும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மின்சாரம் பாய்வதுபோல. சிலருக்குத் தீயில் வைத்ததுபோல. கை இழந்தவர்கள் பலர் ஒரே மாதிரி சொல்வது: கை இறுக மூடியிருக்கிறது, நகம் உள்ளங்கையில் குத்துகிறது, திறக்க முடியவில்லை. வேறு சிலருக்குப் பாதம் மெல்ல மேலேறி முழங்காலிலேயே ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பயந்து மாதக்கணக்கில் வாயைத் திறக்காதவர்கள் இருக்கிறார்கள்.

வெட்டிய இடத்தில் வரும் வலியும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் எந்தச் சிகிச்சையும் தொடங்கக் கூடாது. மீதிக் காலிலேயே வலி என்றால் அங்கே புண், சீழ், எலும்பு முனை, பொருந்தாத செயற்கைக் கால், அல்லது வெட்டிய நரம்பு முனையில் வளர்ந்த முடிச்சு என்று ஒரு காரணம் இருக்கும். விரலால் தட்டினால் 'சுரீர்' என்று இழுக்கிற ஒரே ஒரு புள்ளி இருந்தால் முடிச்சைச் சந்தேகிக்கிறோம். அதற்கு மருத்துவர் வேண்டும், ஹெட்செட் உதவாது. இல்லாத பாதத்தில் அரிப்பு, எறும்பு ஊர்வது, சூடு என்று வலியில்லாத உணர்வு மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நாம் பேசப்போவது மூன்றாவதைப் பற்றி: இல்லாத உறுப்பில் வரும் வலி, அதாவது மாய வலி.

மூளையில் அப்படி என்னதான் நடக்கிறது?

இதில் அறிஞர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சண்டை.

மூளையின் மேற்பரப்பில் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. கைக்கான இடத்துக்குப் பக்கத்து வீடு முகம். 1990களில் வந்த விளக்கம் இது: கையிலிருந்து செய்தி வராமல் போனதும் முகத்தின் பகுதி வேலி தாண்டி அந்தக் காலி மனையை ஆக்கிரமிக்கிறது. சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலைத் தொட்டதுபோல் இருந்தது இதற்குச் சாட்சியாகச் சொல்லப்பட்டது. 1995இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்டா ஃப்ளோர் குழுவினர் ஆக்கிரமிப்பு அதிகமானவர்களுக்கு வலியும் அதிகம் என்று காட்டினார்கள். பாடநூல்களில் இடம்பிடித்த ஆய்வு அது.

பிறகு 2013இல் டாமர் மாக்கின் என்ற ஆய்வாளரின் குழு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. வலி அதிகம் உள்ளவர்களின் மூளையில் இல்லாத கையின் இடம் அழியாமல் நன்றாகவே இருக்கிறது என்றார்கள். 2025இல் அதே அணியினர் மூன்று பேரைக் கை எடுப்பதற்கு முன்பே மூளைப் படம் எடுத்து, எடுத்த பிறகும் ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தார்கள். இல்லாத விரலை அசைக்கச் சொன்னபோது கிட்டத்தட்ட அதே இடம் அதே ஒழுங்கில் விழித்தது. மனை காலியாகவே இல்லை.

இந்தச் சண்டை நமக்கு எதற்கு? அந்த இடம் உயிரோடு இருக்கிறது என்றால் அதற்கு வேலை கொடுக்கலாம். இனி நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

கண்ணாடிப் பெட்டி என்கிறார்களே, அது என்ன?

மூடியில்லாத அட்டைப்பெட்டி, நடுவில் செங்குத்தாக ஒரு கண்ணாடி. நல்ல கையை ஒரு பக்கம் நுழைத்து, மீதிக் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பார்த்தால், போன கை திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு கையையும் சேர்ந்தாற்போல் மூடித் திறக்க வேண்டும். கண் "கை திறந்துவிட்டது" என்கிறது. பல மாதங்களாக இறுகிக் கிடந்த விரல்கள் தளர்கின்றன.

இதைக் கண்டுபிடித்தவர் நம் ஆள். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவின் சான் டியாகோ பல்கலைக்கழகத்துக்குப் போன வி.எஸ். ராமச்சந்திரன். 1996இல் டயேன் ராஜர்ஸ்-ராமச்சந்திரனோடு சேர்ந்து இதை வெளியிட்டார். மூளைப் படம் எடுக்கும் இயந்திரங்கள் கோடிக்கணக்கில் விலை போய்க்கொண்டிருந்த காலத்தில் கடைத்தெருக் கண்ணாடியை வைத்து ஒருவர் செய்த வேலை என்பதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும்.

2007இல் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். தினம் 15 நிமிடம், நான்கு வாரம். மூன்று பிரிவுகள், பிரிவுக்கு ஆறு பேர் முடித்தார்கள். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. துணி போட்டு மூடிய கண்ணாடியின் முன் அதே பயிற்சி செய்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. கண்ணை மூடிக் கற்பனை செய்த ஆறு பேரில் நான்கு பேருக்கு வலி கூடியது. சின்ன ஆய்வுதான். ஆனால் துணி போட்ட கண்ணாடி என்கிற யோசனை இருக்கிறதே, அதற்கே கைதட்டலாம்.

கண்ணாடியே போதும் என்றால் வி.ஆர். எதற்கு?

கண்ணாடிக்கு இன்னொரு கால் வேண்டும். இரண்டு காலையும் இழந்தவருக்கு அது எதைக் காட்டும்? சர்க்கரை நோயில் முதலில் ஒன்று, இரண்டு மூன்று வருடத்தில் இன்னொன்று என்று போனவர்களுக்குக் கண்ணாடி சுவரைத்தான் காட்டும். இன்னொரு குறை: நல்ல கை என்ன செய்கிறதோ அதைத்தான் கண்ணாடிக் கையும் செய்யும். ஒரு கை சொம்பைப் பிடிக்க மறு கை ஊற்ற வேண்டும் என்றால் முடியாது. தலையைக் கொஞ்சம் சாய்த்தாலும் மாயம் கலைந்துவிடும். அதோடு, உண்மையைச் சொன்னால், சலிப்பு. பத்தாம் நாளில் பாதிப் பேர் கண்ணாடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

மெய்நிகர் கருவி இந்தக் குறைகளைக் குறிவைத்து வந்தது. 2006 வாக்கில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் மர்ரே குழு ஆரம்பித்தபோது செய்தது கண்ணாடி வேலையையேதான்: நல்ல கையின் அசைவை எடுத்து, திரைக்குள் இருக்கும் மறு கைக்குக் கொடுத்தார்கள். இன்று சந்தையில் உள்ள பெரும்பாலான வி.ஆர். செயலிகள் இந்த வகை. இரண்டாவது வகையில் அசைவு நல்ல கையிலிருந்து வராமல் மீதிக் கையிலிருந்தே வருகிறது. என் கண்ணுக்கு அதுதான் உண்மையான முன்னேற்றம்.

மீதிக் கையிலிருந்து அசைவு எப்படி வரும்? விரலே இல்லையே?

விரல்தான் இல்லை. விரலை இழுக்கும் தசைகளில் பல முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. உங்கள் வலது முன்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். தோலுக்கு அடியில் கயிறு கயிறாக நகர்வது தெரியும். மணிக்கட்டோடு கை போனவருக்கு அந்தக் கயிறுகள் இன்னும் இருக்கின்றன. தசை சுருங்கினால் மெல்லிய மின் அலை எழும். இ.சி.ஜி.க்கு நெஞ்சில் ஒட்டுவதுபோல மீதிக் கையில் ஒட்டுப்பட்டைகளை ஒட்டினால் அதைப் பிடிக்கலாம். "திற" என்றால் ஒரு வகை அலை, "மூடு" என்றால் இன்னொரு வகை. கணினி இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்கிறது.

ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் ஓர்டிஸ் காட்டலான் குழு இதை வலிக்குப் பயன்படுத்தியது. 2014இல் அவர்கள் எழுதிய முதல் நோயாளி கையை இழந்து 48 வருடம் ஆனவர். மற்றச் சிகிச்சைகள் எதுவும் அவருக்குப் பலன் தரவில்லை. 2016இல் 'லான்செட்' இதழில் 14 பேரின் முடிவு வந்தது. எல்லோரும் கை இழந்தவர்கள், வேறு எதற்கும் வலி அடங்காதவர்கள். 12 அமர்வுகளுக்குப் பிறகு ஓர் அளவுகோலில் வலி சராசரியாக 47 சதவீதம் குறைந்திருந்தது. ஆறு மாதம் கழித்தும் முன்னேற்றம் நிலைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓர் அமர்வு எப்படி இருக்கும்?

நாற்காலியில் உட்கார்கிறார். மீதிக் கையின் தோலைத் துடைத்துச் சுற்றிலும் ஒட்டுகள். ஒரு சின்ன கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையையும் அங்கே மாட்டுகிறார்கள். கேமரா அதைப் பார்த்துத்தான் கை எங்கே இருக்கிறது என்று அறிகிறது. எதிரே உள்ள திரையில் அவரே தெரிகிறார். மீதிக் கை முடியும் இடத்திலிருந்து கணினி வரைந்த கை ஒன்று நீள்கிறது. ஸ்வீடன் முறையில் ஹெட்செட் கட்டாயமில்லை, சாதாரண வெப்கேமராவும் திரையும் போதும்.

"கையைத் திறங்கள்" என்றதும் பெரும்பாலோர் முதலில் தோளைத் தூக்குவார்கள். பல்லைக் கடிப்பார்கள். வருடக்கணக்கில் அசையாத கையை எப்படி அசைப்பது என்று மறந்திருக்கும். திரைக் கை சிலிர்த்துக்கொண்டு தப்பான பக்கம் திரும்பும். மறுபடி. மறுபடி. நெற்றியில் வேர்வை துளிர்க்கும். நாங்கள் நிறுத்தித் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கும். பிறகு எப்போதோ ஒரு முறை அந்தக் கை விரிகிறது. பலரும் அந்த நிமிடத்தில் கணினியைப் பார்ப்பதில்லை, தங்கள் மீதிக் கையைக் குனிந்து பார்க்கிறார்கள்.

அது வந்த பிறகு விளையாட்டு: மணிக்கட்டைத் திருப்பிக் கார் ஓட்டுவது, காட்டிய நிலைக்குக் கையைக் கொண்டுபோய் நிறுத்துவது.

ஹெட்செட் போட்டிருக்கும்வரை வலி இல்லை. கழற்றியதும் வந்துவிட்டது. ஏன்?

கவனம் வேறு பக்கம் போனது, அவ்வளவுதான். இதுவும் பயனுள்ளதுதான். சியாட்டிலில் தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது பனி உலகத்துக்குள் பனிப்பந்து வீசும் வி.ஆர். விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அரை மணி நேர வேதனைக்கு அது நல்ல மருந்து. மாய வலி அரை மணியில் முடிகிற விஷயம் இல்லையே. மீன் நீந்துவதைக் காட்டும் செயலியும், இல்லாத விரலை அசைக்க வைக்கும் செயலியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதில் என் அப்பா எதை அசைக்க வேண்டும்?" பதில் இல்லையென்றால் அது பொழுதுபோக்கு.

சரி, உண்மையிலேயே பலன் உண்டா?

பலருக்கு உண்டு, எல்லோருக்கும் இல்லை. சான்று இன்னும் மெல்லியது. வி.ஆர். ஆய்வுகளில் பல, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துச் செய்தவை. பென்சில்வேனியாவில் கால் இழந்தவர்களுக்கு மலிவான ஹெட்செட்டில் 2018இல் வந்த அறிக்கை இரண்டே பேரைப் பற்றியது. நல்ல முடிவு, ஆனால் இரண்டு பேர்.

ஸ்வீடன் குழு பின்னர் பல நாடுகளில் பெரிய ஒப்பீட்டு ஆய்வு செய்தது. ஒரு பிரிவினர் இல்லாத உறுப்பை உண்மையிலேயே அசைத்துத் திரை உறுப்பை ஓட்டினார்கள். மறு பிரிவினர் திரை உறுப்பு தானாக அசைவதைப் பார்த்தபடி, தசையைச் சுருக்காமல், அசைப்பதாக நினைத்தார்கள். அசைத்தவர்கள் ஜெயிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். இரு பக்கமும் வலி குறைந்தது. இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணை மூடிக் கற்பனை செய்து வலி கூடிப்போன வால்டர் ரீட் நோயாளிகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை. இவர்களுக்கு எதிரே ஓர் உறுப்பு இருந்தது, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார், அமர்வுக்கு அமர்வு வேலை இருந்தது.

ஆகவே என் கணிப்பு இது: இல்லாத உறுப்பை நோக்கி மனத்தைத் திருப்பி, அது அசைவதைக் கண்ணால் பார்த்து, அலுக்காமல் பல வாரம் செய்வதில்தான் பலன் இருக்கிறது. கருவி அதற்கு ஒரு வழி. கருவியின் விலை ஏறுவதால் பலன் ஏறுவதை நான் பார்த்ததில்லை.

யாருக்கு வேண்டாம்?

வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஹெட்செட் மாட்டக் கூடாது. தலைசுற்றல், குமட்டல் வரலாம். பஸ்ஸில் போனால் வாந்தி எடுப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். அரை கிலோ எடை கழுத்தில் உட்காரும். ஒற்றைக் காலில் நிற்பவரை ஹெட்செட் மாட்டி நிற்க வைக்கவே வைக்காதீர்கள். கைப்பிடி உள்ள நாற்காலி, பக்கத்தில் ஓர் ஆள். சிலருக்கு இழந்த காலை மறுபடி பார்த்ததும் அழுகை பொங்கும். நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுங்கள், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். கேபபென்டின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் வேறு தொந்தரவு வரும். மாய வலிக்கு அந்த மாத்திரைகள் எவ்வளவு உதவுகின்றன என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. உங்களுக்கு உதவினால் தொடருங்கள், குறைப்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். 2016இல் வந்த ஸ்வீடன் ஆய்விலும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த நான்கு பேரில் இரண்டு பேர்தான் அளவைக் குறைத்தார்கள்.

கடையில் ஒரு ஹெட்செட் வாங்கிக் கொடுக்கட்டுமா?

ஒரு கையோ காலோ இருக்கிறதென்றால் முதலில் கண்ணாடிக் கடைக்குப் போங்கள். காலுக்கு நான்கு அடி உயரம், ஒன்றரை அடி அகலம். ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், சுற்றிலும் துணி டேப் ஒட்டுங்கள். பின்னால் பிளைவுட். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணாடியை இரண்டு தொடைக்கும் நடுவில் நீளவாக்கில் வைத்து, கண்ணாடியின் பிம்பம் தெரியும் பக்கம் நல்ல காலைப் பார்த்து இருக்கட்டும். கொலுசு, மெட்டி, கறுப்புக் கயிறு இருந்தால் கழற்றிவிட வேண்டும். அந்தக் காலில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டால் மூளை ஏமாறாது. பாதத்தை மேலே, கீழே. விரலை மடக்கி, விரித்து. மெதுவாக. 15 நிமிடம், தினமும், குறைந்தது நான்கு வாரம். வலி கூடினால் நிறுத்தி எங்களிடம் வாருங்கள்.

கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் சம்னர் என்பவர், தானே ஒரு கால் இழந்தவர், கண்ணாடிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கம்போடியாவின் கிராமம் கிராமமாகப் போய்க் கண்ணிவெடியில் கால் போனவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். மின்சாரமே இல்லாத ஊரிலும் வேலை செய்யும் சிகிச்சை.

இரண்டு உறுப்பும் இல்லாதவர்கள், கண்ணாடியில் ஆறு வாரம் முயன்றும் வலி குறையாதவர்கள்: இவர்களுக்கு ஹெட்செட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கிறேன்.

தமிழ்நாட்டில் யாரைப் பார்ப்பது?

உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறை என்று தனித் துறை இருக்கிறது; பலருக்கு இது தெரியாமல் எலும்பு மருத்துவரிடமே சுற்றுகிறார்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்று பெரிய பிரிவு உண்டு. "வி.ஆர். இருக்கிறதா" என்று தொடங்காமல் "மாய உறுப்பு வலிக்குப் பயிற்சி தருவீர்களா" என்று கேளுங்கள்.

அம்மா ராத்திரியெல்லாம் அனத்துகிறார். பக்கத்தில் இருக்கும் நாங்கள் என்ன செய்வது?

"கால்தான் இல்லையே அம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவருக்கும் தெரியும். "இப்போது விரல் எப்படி இருக்கிறது, மடங்கியா நீட்டியா?" என்று கேளுங்கள். மீதிக் காலைக் கையால் மெதுவாக நீவிவிடுங்கள், துண்டால், பிறகு பஞ்சால். நாட்காட்டியில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை அவரையே எழுதச் சொல்லுங்கள். எங்களிடம் வரும்போது அந்தத் தாளைக் கிழித்துக் கையோடு கொண்டுவாருங்கள். கைப்பேசி வீடியோவைவிட எனக்கு அது உதவும்.